கல்லுக்கும் பிசுக்கு ஏறும்

பீளமேட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய பெண் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். "நம் ஊரின் பழைய கட்டடங்கள்" என்று படம் ஒட்டி, நாலு வரி எழுதிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். தாயும் பெண்ணும் ராத்திரி பத்து மணி வரை யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தாஜ்மகாலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். "நம்ம கோயமுத்தூர்ல என்னங்க இருக்குது? மில்லும் மோட்டாரும்தானுங்களே!" என்று கேட்கிறார்.

கேட்டதில் தப்பில்லை. சிறுவாணித் தண்ணீரைப் பற்றியும் சில்லென்ற காற்றைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுகிற நாம், ஊரைப் பற்றிப் பேசுவது குறைச்சல்தான். டவுன்ஹாலுக்கு எத்தனை தடவை போயிருப்போம்? தீபாவளிக்குத் துணி எடுக்க, கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்க, காது குத்துக்குத் தோடு வாங்க. இரண்டு கையிலும் பை, இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அண்ணாந்து பார்க்க நேரம் ஏது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை திறப்பதற்கு முன்னால், காலை ஏழு மணிக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள் சகோதரிகளே. தெரு வேறு தெருவாகத் தெரியும்.

முதலில் அந்த டவுன்ஹால். அது இடத்தின் பெயர் மட்டும் இல்லை, ஒரு கட்டடத்தின் பெயர். விக்டோரியா மகாராணியின் பெயரில் 1892ல் திறந்த மண்டபம். 1866ல் கோவை முனிசிபாலிட்டி ஆனபோது முதல் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். ஸ்டேன்ஸ் பள்ளிக்கூடம் என்று சொல்கிறோமே, அதே ஸ்டேன்ஸ். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கோனியம்மன். ஊருக்குக் காவல் தெய்வம். மாசி மாதத் தேரன்று உப்பை அள்ளித் தேர் மீது வீசி வேண்டிக்கொள்வார்களே, பார்த்திருக்கிறீர்களா? என் சின்ன மகன் முதல் தடவை பார்த்தபோது, "சாமிக்கு உப்பு பத்தலையாம்மா?" என்று கேட்டான்.

ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாத் பள்ளிவாசல். பெயரே சொல்லுகிறது, அத்தர் வியாபாரம் செய்த குடும்பங்கள் எழுப்பியது. கோனியம்மன் தேர் அந்த வீதி வழியாக வரும்போது, வெயிலில் நிற்கிறவர்களுக்கு ஜமாத்தார் தண்ணீர் கொடுத்த செய்தியைப் பல வருஷம் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பெரிய கடை வீதிக்குத் திரும்பினால் புனித மைக்கேல் பேராலயம். அதோடு சேர்ந்த பெயர் பிரெசிலாக் ஆண்டகையுடையது. பிரெஞ்சுக்காரர். 1850ல் கோவை கத்தோலிக்க சபையில் தனிப் பகுதியாகப் பிரிந்தபோது அதன் முதல் ஆயர் பொறுப்பு அவருக்கு. இங்கிருந்து ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1856ல் லியோன் நகரத்தில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு குருக்கள் சபையைத் தொடங்கினார். 1859ல் ஃப்ரீடவுன் போய் இறங்கினார். சில வாரத்துக்குள் மஞ்சள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பெரிய கடை வீதியில் எவர்சில்வர் குடத்துக்குப் பேரம் பேசும்போது, இத்தனை தூரம் அலைந்த ஒரு மனுஷர் இதே தெருவில் நடந்திருப்பாரே என்று எனக்கு ஒரு தரம் தோன்றியது. பேரம் படியவில்லை, அது வேறு விஷயம்.

கோட்டைமேட்டில் கோட்டையைத் தேடாதீர்கள். பெயர்தான் மிச்சம். 1791ல் மைசூர்ப் போரின்போது அந்தக் கோட்டையை இரண்டு தரம் முற்றுகையிட்டார்கள். முதல் தரம் தாக்குப் பிடித்தது. நவம்பரில் சால்மர்ஸ் என்கிற ஆங்கிலேய அதிகாரி திப்புவின் படையிடம் பணிந்தார். இன்றைக்குச் சங்கமேஸ்வரர் கோயிலைக் "கோட்டை ஈஸ்வரன்" என்று சொல்வதில் மட்டும் அந்தக் கோட்டை இருக்கிறது.

வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கும், விவசாயக் கல்லூரியின் 1909ம் வருஷத்துச் சிவப்புக் கட்டடமும் பெரிய குழந்தைகளுக்குப் பிடிக்கும். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நான் இந்தத் தடவை நிதானமாகச் சொல்ல நினைப்பது பேரூரைப் பற்றி.

பேரூர் தெரியாதவர்கள் நம்மில் யார்? ஊரிலிருந்து 6, 7 கிலோமீட்டர். நொய்யல் கரை. அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறோம், கல்யாணம் முடித்துப் பொண்ணு மாப்பிள்ளையை அழைத்துப் போகிறோம். பட்டீஸ்வரரும் பச்சைநாயகியும் நாற்று நட்ட கதையையும், ஆனி மாதம் அதற்கென்று நடக்கிற விழாவையும், இறவாப் பனை பிறவாப் புளியையும் குழந்தைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, உங்கள் அமுச்சிமார் சொல்லியிருப்பார்கள். ஆனால் கனகசபை மண்டபத்தில் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறீர்கள்? 17ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் மரபைச் சேர்ந்த அளகாத்திரி நாயக்கர் காலத்தில் எழுந்த மண்டபம் அது. தூணுக்கு ஒரு ஆளுயரச் சிற்பம். வீரபத்திரர், யானைத் தோலைப் போர்த்த சிவன், காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடுகிற சிவன், பிச்சாடனர், காளி, ஆடுகிற பிள்ளையார், மயில் மேல் முருகன். காளியின் விரலைப் பாருங்கள். நகம் தெரியும். விதானத்தில் தொங்குகிற சங்கிலி, கல்லிலேயே வளையம் வளையமாகச் செதுக்கியது.

1800ல் புக்கானன் என்று ஒரு வெள்ளைக்காரர் இந்தப் பக்கமெல்லாம் பயணம் செய்து குறிப்பு எழுதினார். பேரூரை மேலைச் சிதம்பரம் என்று சொல்கிறார்கள் என்று சரியாக எழுதிவிட்டு, அலங்காரம் நிறைய இருக்கிறது, ரசனைதான் கொஞ்சமும் இல்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தையும் சேர்த்து வைத்தார். அவருக்கு அந்த நகம் தெரியவில்லை போலிருக்கிறது!

நமக்கு மட்டும் தெரிகிறதா என்று கேட்டால், அங்கேதான் எனக்குக் கொஞ்சம் சங்கடம்.

எந்தப் பழைய கோயிலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தூணில் இருக்கிற பெண் சிற்பத்தின் நெற்றியில், கன்னத்தில், மார்பில் குங்குமம் அப்பியிருக்கும். கையில் மிஞ்சிய விபூதியைக் கொட்ட யாளியின் வாய். அகல் விளக்கை ஏற்றி ஒரு சிற்பத்தின் காலடியிலேயே வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைப் பக்கத்துத் தூணில் துடைப்பது. இதைச் செய்வது யார்? ஆண்கள் அல்ல, பெரும்பாலும் நாம்தான். பக்தியோடுதான் செய்கிறோம். வீட்டு நிலைப்படிக்கு மஞ்சள் பூசுகிற கை அது. சும்மா இருக்காது.

ஆனால் அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரை நினைத்துப் பாருங்கள். தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் அன்றைக்கு ஒன்றும் செய்வதில்லை. அதன் மேல் புகை படியும். அதன் மேல் தூசி ஒட்டும். அதன் மேல் மறுபடியும் எண்ணெய். ஆறு மாதத்தில் கரண்டியால் சுரண்டினால்தான் போகும் என்கிற பிசுக்கு ஆகிவிடும். கோயில் கல்லிலும் அதேதான் நடக்கிறது, ஆறு மாதத்துக்குப் பதில் அறுபது வருஷம். கருங்கல்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத சந்து உண்டு. எண்ணெய் உள்ளே இறங்கிக் கறுக்கும். மூக்கு, விரல், ஆபரணம் எல்லாம் ஒரே கறுப்புப் பாளமாகிவிடும்.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. கும்பாபிஷேகம் வரும். "பளிச்" என்று ஆக்க வேண்டும் என்பார்கள். ஆசிட் ஊற்றித் தேய்த்த கோயில்கள் உண்டு. மணலைக் காற்றின் வேகத்தோடு பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்த கோயில்கள் எத்தனையோ உண்டு. முன்னெல்லாம் தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? தேய்ந்த அம்மியைக் கொத்தினால் சொரசொரப்பு வரும், மசாலா நன்றாக அரைபடும். ஆனால் ஒவ்வொரு கொத்துக்கும் அம்மியில் கொஞ்சம் குறையும். மணல் அடிப்பதும் அப்படித்தான். பிசுக்கோடு சேர்ந்து உளி பட்ட மேல் தோலும் போகிறது. காளியின் நகமும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. கல்வெட்டு எழுத்தும் அந்தத் தோலில்தான் இருக்கிறது.

கல்வெட்டு என்றதும் எங்கள் அத்தையைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர்கள் ஊர் காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ச் சிவன் கோயிலின் அடித்தளக் கல்லில் வரி வரியாக எழுத்து இருக்கும். ரிட்டயர்டு தமிழய்யா ஒருத்தர் ஒரு நாள் உட்கார்ந்து, கூட்டிக் கூட்டிப் படித்துச் சொன்னார். இன்ன ஊரில் இருக்கும் வெள்ளாளன் இன்னான் மணவாட்டி என்று வருகிறது. சந்தியா தீபம் ஒன்று எரிப்பதற்குப் பழஞ்சலாகை அச்சு ஒன்று கொடுத்திருக்கிறாள். அச்சு என்றால் அந்தக் காலத்துக் காசு. சாயங்காலம் ஒரு விளக்கு, சூரிய சந்திரர் உள்ள வரைக்கும் எரிய வேண்டும் என்று. கொங்கு நாட்டுக் கோயில்களில் இந்த மாதிரி விளக்குக் கொடைதான் நிறைய. ராஜா கட்டிய கோபுரம் என்று பெரிதாகப் பேசுகிறோம், சாயங்காலம் திரி போட்டது ஊருக்குள் இருந்த குடும்பங்கள்.

அவள் பெயரில் இரண்டு எழுத்துத்தான் தெரிந்தது. அதற்கு மேல் கல் பொரிந்துவிட்டது. ஆனாலும் அத்தைக்கு அந்தக் கல் சொந்தக்காரி மாதிரி. கோயிலுக்குப் போனால் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பார். "பாரு கண்ணு, நம்மளாட்டம் ஒரு புள்ள. வூட்டுச் செலவுல மிச்சம் புடிச்சு வெளக்குக்குக் குடுத்திருக்குறா" என்பார்.

சில வருஷத்துக்கு முன்னால் திருப்பணி நடந்தது. ஊரார் வசூல் செய்து, நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். அடித்தளம் முழுக்கப் பளபளவென்று கிரானைட் பலகை ஒட்டிவிட்டார்கள். அத்தை கையால் தடவிப் பார்த்தார். "வழுவழுன்னு நல்லாத்தான் இருக்குது கண்ணு. அந்தப் புள்ள எங்க?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பலகைக்குப் பின்னால் இருக்கிறாள் என்று சொல்லலாம். சிமெண்டு பூசியதில் என்ன மிஞ்சியதோ!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்ல, கொஞ்சம் தூரம் போக வேண்டும், போலந்து தேசம் வரைக்கும்.

அந்த நாட்டின் தலைநகரம் வார்சா. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944ல், ஜெர்மானியர்கள் அந்த ஊரைத் திட்டம் போட்டுத் தகர்த்தார்கள். பழைய நகரப் பகுதியில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் போய்விட்டது. மாதா கோயில், சந்தைச் சதுக்கம், வீடுகள், எல்லாம் கல் குவியல். போர் முடிந்ததும் அந்த ஜனங்கள் அதே தெருவை, அதே ஜன்னலோடு, அதே மாதா கோயிலோடு மறுபடியும் கட்டினார்கள். எப்படி முடிந்தது? 18ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்கிற ஓவியர் அந்த ஊரைத் தெருத் தெருவாக வரைந்து வைத்திருந்தார். அதைவிட முக்கியம், போருக்கு முன்னால் கட்டடக் கலை படித்த மாணவர்கள் பழைய வீடுகளை அளந்து அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அந்தக் காகிதங்கள் பிழைத்தன. 1980ல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நமக்குக் குண்டு விழவில்லை. கிரானைட் பலகைதான் விழுகிறது. ஆனால் காகிதம் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. இந்தியத் தொல்லியல் துறை 1887லிருந்து கல்வெட்டுகளைப் படியெடுத்து வருஷா வருஷம் அறிக்கை போட்டு வருகிறது. மாநிலத் தொல்லியல் துறை 1961ல் ஏற்பட்டது, அதுவும் மாவட்டம் மாவட்டமாகப் புத்தகம் போட்டிருக்கிறது. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிப் பேச்சு எடுத்தால், இந்தக் கல் படியெடுத்தாகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் வல்லுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும், அது வாங்கியாயிற்றா என்றும் கேட்கலாம். கேட்க நமக்கு என்ன கூச்சம்? வசூலுக்கு நம் வீட்டுக்கும்தானே வருகிறார்கள். அதற்கு முன்னால் இன்னொன்று. கைப்பேசியில் தினம் இட்லியையும் கோலத்தையும் படம் எடுக்கிறோம். கோயில் சுவரை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, விடாமல், வரிசையாக எடுத்து வையுங்கள். எங்கள் அத்தையின் சொந்தக்காரியை அப்படி யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.

இனி நான் உங்களை அழைத்துப் போக நினைக்கும் கடைசி இடம். எல்லோரும் தினம் கடந்து போகிற இடம், யாரும் இறங்காத இடம். சேலம் ரோட்டில் பெருந்துறைக்கு முன்னால் விஜயமங்கலம் வருகிறதே, அந்த டோல்கேட் எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்துவிட்டு நேரே போய்விடுகிறோம். ஊருக்குள் திரும்பினால் பழைய சமணக் கோயில் ஒன்று இருக்கிறது. சந்திரப்பிரபர் என்கிற தீர்த்தங்கரருடையது. அந்தப் பக்கத்து ஜனங்கள் நெட்டைக் கோபுரம் என்பார்கள். கொங்கு நாட்டில் ஒரு காலத்தில் சமணர்கள் செழிப்பாக இருந்ததற்குச் சாட்சி. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கூட்டம் இல்லை, பூக்கடை இல்லை, செருப்புக்கு டோக்கன் இல்லை.

இங்கே இருந்தவர் கொங்குவேளிர். உதயணன் கதையைப் பெருங்கதை என்று தமிழில் பாடியவர். முதலும் முடிவும் தொலைந்து கிடைத்த அந்த நூலை 1924ல் உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தார். கொங்கு மண்டல சதகத்தில் அவரைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. சங்கப் புலவர்கள் அவருடைய பாட்டில் சந்தேகம் எழுப்பினார்களாம். அவர் பதில் சொல்லவில்லை. வீட்டில் வேலை செய்த பெண்ணைக் கூப்பிட்டு விடை சொல்ல வைத்தாராம். கதையோ நிஜமோ, அந்தப் பெண் அடுப்பங்கரையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றிருப்பாள் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவள் பெயரை மட்டும் யாரும் சொல்லக் காணோம்.

பெயரோடு இருக்கிற ஒருத்தியும் அங்கே உண்டு. புள்ளப்பை. சாமுண்டராயரின் உடன்பிறந்தவள். சிரவணபெளகொளாவில் 57 அடி உயரக் கோமதேஸ்வரரைப் பார்த்திருப்பீர்கள், சுற்றுலா பஸ்ஸில் போகாதவர்கள் யார்? கங்க ராஜாவின் மந்திரியாக இருந்து, 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைச் செய்வித்தவர் சாமுண்டராயர். அவர் கூடப் பிறந்தவள் இந்த விஜயமங்கலத்தில் அன்ன ஆகாரத்தை விட்டு, நோன்பிருந்து உயிர் துறந்தாள். சமணர்கள் அதைச் சல்லேகனை என்பார்கள். அதற்கு அடையாளமாக இந்தக் கோயிலில் அவளுக்கு ஒரு கல்லும் எழுத்தும் இருக்கிறது.

உண்ணாமல் உயிர் விடுவது என் மனசுக்கு ஒப்பவில்லை. பிள்ளைக்கு ஒரு வேளை சாப்பாடு இறங்கவில்லை என்றால் தவிக்கிற கூட்டம் நாம். ஆனாலும் எங்கிருந்தோ வந்து, எதையெல்லாமோ வேண்டாம் என்று வைத்துவிட்டு, இந்த மண்ணில் கண் மூடிய ஒரு பெண்ணின் பெயர் ஆயிரம் வருஷமாக ஒரு கல்லில் நிற்கிறது. அண்ணன் தம்பி செய்வித்ததைப் பார்க்க லட்சம் பேர். இவளைப் பார்க்க அன்றைக்கு நானும் என் பெண்ணும் மட்டும் இருந்தோம். மேலே யாரும் குங்குமம் அப்பவில்லை, எண்ணெய் தேய்க்கவில்லை. கல் கல்லாகவே இருந்தது.

போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். கோயில் பூட்டியிருக்கலாம், காவலுக்கு இருப்பவரை அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கூப்பிட வேண்டும். மரியாதையாகக் கேட்டால் திறந்து காட்டுவார். வெயிலுக்கு முன் போய்விடுங்கள், தண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும், சாப்பிடுவது கோயிலுக்கு வெளியே. பேரூருக்குப் போகிறவர்கள் நடுப்பகலில் நடை சாத்துவதை நினைவில் வையுங்கள். கல்வெட்டு தெரியவில்லை என்று மாவோ, சாக்பீஸோ, சுண்ணாம்போ தடவ வேண்டாம். ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடித்துக் குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வரும்.